மலைகளை நேசித்த மாணவர்: புனித பியர் ஜோர்ஜோ பிரசாத்தி

மலையைப் பற்றி மலையகத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கிடையே நாள் முழுவதும் ஏறியிறங்கும் நம் தாய்மாருக்கு மலை என்பது வேலைத்தலம். மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும்போது, மலை அவர்களுக்குக் கவலையும் ஆகிறது. ஆகவே, நண்பர்களோடு விருப்பமாக மலையேறி வந்த ஒரு பணக்கார வீட்டு இளைஞர் புனிதராக உயர்த்தப்பட்டார் என்று கேள்விப்படும்போது, அதில் நமக்கென்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும்.

அந்த எண்ணம் நியாயமானதே. ஆனால் அவருடைய வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அவர் நமக்கு அந்நியர் அல்லர் என்பது விளங்கும். மலையேறியதால் அவர் புனிதராகவில்லை. படிப்பு, ஏழைகள், செபம், சங்க வேலைகள் என்று ஒரு கணமும் ஓய்வில்லாத வாழ்வில், மலைக்கும் நண்பர்களுக்கும் அவர் எவ்வாறு இடம் தேடினார், எதை முன்னே வைத்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதிலேதான் அவருடைய புனிதம் தெரிகிறது. அவர்தான் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோ, இளைஞரான கார்லோ அக்கூத்திஸுடன் சேர்த்து இவரைப் புனிதராக அறிவித்தார்.

செல்வக் குடும்பத்தின் பிள்ளை

வட இத்தாலியின் துரின் நகரத்தில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய பெரிய சனிக்கிழமையன்று பியர் ஜோர்ஜோ பிறந்தார். தந்தை அல்பிரேதோ பிரசாத்தி, இத்தாலியின் பெரிய நாளேடுகளில் ஒன்றான லா ஸ்தாம்பாவின் உரிமையாளரும் ஆசிரியரும் ஆவார். பின்னர் மேற்சபை உறுப்பினராகவும், ஜெர்மனிக்கான இத்தாலியத் தூதுவராகவும் பதவி வகித்தார். தாய் அதெலாயிதே ஓவியக் கலைஞர். லூச்சியானா என்ற ஒரே தங்கை, அவரைவிட ஒரு வயது இளையவர்.

வீட்டில் பணம் இருந்தது, பெயரும் இருந்தது. பக்தி அவ்வளவாக இருக்கவில்லை. தந்தை விசுவாசத்தில் நாட்டமற்றவர். பெற்றோரிடையே ஒற்றுமையும் குறைந்திருந்தது. பிள்ளையோ படிப்பில் முன்னணியில் நின்றவர் அல்லர். இலத்தீன் பரீட்சையில் தவறியதனால், இயேசு சபைக் குருக்கள் நடத்திய பாடசாலைக்கு மாற்றப்பட்டார். வீட்டாருக்குப் பெரிய அவமானமாகத் தோன்றிய அந்தத் தோல்வியே அவருக்கு வரமாயிற்று. அங்கேதான் தினமும் நற்கருணை உட்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. இறுதிவரை அவர் அதைக் கைவிடவில்லை.

1918ஆம் ஆண்டு துரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அக்காலத்தில் சுரங்கத் தொழிலாளரின் வாழ்வு மிகக் கொடியது. பூமிக்கடியில், இருளில், உயிராபத்துக்கு நடுவில் உழைக்கும் அவர்களோடு இருந்து, அவர்களிடையே கிறிஸ்துவுக்குப் பணிபுரிய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. குருவாகாமல், பொதுநிலையினராகவே அதைச் செய்யலாம் என்று தீர்மானித்தார். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நாம் இந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டு அவரை மேலும் பார்ப்போம்.

வேலை நிறைந்த வாரம்

அவருடைய ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் திருப்பலி. பகலில் விரிவுரைகள். மாலையில் புனித வின்சென்ட் டி போல் சபையின் அங்கத்தவராகத் துரின் நகரத்துச் சேரிகளில் ஏழைகளின் வீடுகளைத் தரிசித்தல். அந்தச் சபையில் அவர் சேர்ந்ததும் 1918ஆம் ஆண்டிலேயே. கத்தோலிக்க மாணவர் சங்கத்திலும் ஊக்கமாக உழைத்தார். குருவான லுயிஜி ஸ்தூர்சோ 1919இல் தொடங்கிய மக்கள் கட்சியில் அடுத்த ஆண்டு சேர்ந்தார். முசோலினியின் பாசிஸக் கட்சி தலைதூக்கியபோது அதை வெளிப்படையாக எதிர்த்தார். 1924 ஜூன் மாதத்தில் பாசிஸ்டுகள் வீடு புகுந்து தாக்கியபோது தனியாக நின்று அவர்களை விரட்டினார். 1922இல் சாமிநாதர் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பல இரவுகளில் நற்கருணைநாதர் முன்னிலையில் விழித்திருந்து ஆராதித்தார்.

இவ்வளவுக்கும் மேலாக, படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. மற்றவர் ஒரு மணி நேரத்தில் படிப்பதைப் படிக்க அவருக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ஏழு ஆண்டுகள் போராடியும், பட்டம் பெற இரண்டு பரீட்சைகள் மிஞ்சியிருந்த நிலையிலேயே இறந்தார்.

இப்படிப்பட்டவருக்கு மலையேற நேரம் எங்கே கிடைத்தது?

ஞாயிறும் மலையும்

துரின் நகரத்தில் நின்று பார்த்தால் வடக்கிலும் மேற்கிலும் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரம். அங்கேயோ மொன்விசோ என்னும் சிகரம் மட்டும் 3,841 மீற்றர். குளிர்காலத்தில் அந்த மலைகளில் ஆளுயரத்துக்கும் மேலாகப் பனி குவியும். பாதைகள் மறைந்துபோகும். பகற்பொழுது குறுகும். எந்நேரமும் பனிச்சரிவு உருண்டு வரலாம். ஸ்கீ எனப்படும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டே நடக்க வேண்டும். கோடையில் பாறையேறிய பியர் ஜோர்ஜோ, குளிர்காலத்தில் இவ்வாறு பனிமலைகளுக்குச் சென்றார். இத்தாலிய மலையேறுவோர் சங்கத்திலும், இளைய மலை என்று பொருள்படும் பெயர் கொண்ட கத்தோலிக்க மலையேறுவோர் சங்கத்திலும் அவர் அங்கத்தவர்.

நாளுக்கு நாள் தம் உள்ளம் மலைகளின்மேல் அதிகமாகக் காதல் கொள்கிறதென்றும், படிப்பு மட்டும் இடங்கொடுத்தால் நாட்கணக்காக அங்கேயே தங்கி, தூய காற்றில் படைத்தவரின் மகத்துவத்தைத் தியானிப்பேன் என்றும் ஒரு கடிதத்தில் எழுதினார். இந்தக் கடிதத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படிப்பு இடங்கொடுத்தால் என்றுதான் எழுதினார். படிப்பை விட்டுவிட்டுப் போவதாக எழுதவில்லை. பரீட்சை நெருங்கும்போது மலை பின்னுக்குப் போயிற்று. பரீட்சை முடிந்ததும் மலை முன்னுக்கு வந்தது.

மலைக்கு எஞ்சியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையும் திருநாள் விடுமுறைகளுமே. ஆனால் ஞாயிறு ஆண்டவருடைய நாள். மலைக்குப் போகும் அவசரத்தில் திருப்பலியை விடுவது என்பது அவருடைய அகராதியில் இல்லை. திருப்பலிக்கு வழியில்லாத பயணத்துக்கு அவர் இசையமாட்டார். ஆகவே இருள் பிரியுமுன் எழுந்து, முதல் திருப்பலி கண்டு, முதல் புகையிரதத்தைப் பிடித்தார். சில வேளைகளில் குருவானவர் ஒருவரும் கூடச் செல்வார். மலைச்சாரலிலேயே திருப்பலி நடக்கும். தூக்கத்தில்தான் அவர் மலைக்கு நேரம் தேடினார். ஆண்டவரின் நேரத்தையோ ஏழைகளின் நேரத்தையோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

விடுமுறையில் குடும்பத்தார் போலோனே என்ற கிராமத்து வீட்டுக்குச் செல்வது வழக்கம். அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஒரோப்பா அன்னையின் திருத்தலம் வரும். கறுத்த நிறமுடைய மாதாவின் சுரூபம் அங்கே வணங்கப்படுகிறது. நமது ஹட்டன் நகரைவிடச் சற்றுத் தாழ்ந்த உயரத்தில் அத்திருத்தலம் உள்ளது. அதற்கு மேலே எழும் முக்ரோனே மலை 2,335 மீற்றர். நமது சிவனொளிபாதமலையைவிடக் கொஞ்சம் அதிகம். வீட்டார் விழிக்குமுன்னே பியர் ஜோர்ஜோ ஒரோப்பாவுக்கு நடந்துபோய், திருப்பலி கண்டு, செபமாலை சொல்லிக்கொண்டே திரும்பிவிடுவார்.

மலையில் இறப்பு எப்போதும் அருகில் நிற்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லாததால், மனச்சாட்சியைச் சரிசெய்துகொண்டே மலையேற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே பயணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வதும் அவருக்குப் பழக்கமாயிருந்தது.

சந்தேகப் பேர்வழிகளின் சங்கம்

பியர் ஜோர்ஜோ எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பக்தர் என்று எண்ணிவிட வேண்டாம். அவருடைய சிரிப்புச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். சுருட்டுப் புகைப்பார். நண்பர்களைக் கேலி செய்வார். 1924ஆம் ஆண்டு மே மாதம், மலைப் பயணம் ஒன்றின்போது, நெருங்கிய நண்பர்களான இளைஞர் யுவதிகளைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். சந்தேகத்துக்குரிய பேர்வழிகளின் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். ஒவ்வொருவருக்கும் வேடிக்கைப் பட்டப்பெயர் உண்டு. பியர் ஜோர்ஜோவுக்குப் பிரெஞ்சுப் புரட்சிக்காரரான ரொபெஸ்பியரின் பெயர். அரசாங்க அறிவித்தல்களைப் போல நையாண்டிப் பிரகடனங்கள் எழுதி மலைப் பயணங்களுக்கு அழைப்பு விடுவார்கள்.

கேலியும் கூத்தும் வெளித்தோற்றம் மட்டுமே. எவ்வளவு தூரத்தில் பிரிந்திருந்தாலும் ஒருவருக்கொருவர் செபிப்பது என்பதே அந்த நட்பின் உயிர்நாடி. படிப்பு முடிந்து ஒவ்வொருவரும் வேலை தேடிப் பல திசைகளில் போய்விடுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். காலமும் தூரமும் அறுக்க முடியாத கயிறு செபம் ஒன்றே என்று நம்பினார். மலையில் அவர் பலசாலி. ஆயினும் முதலில் உச்சியை அடைவதில் அவருக்கு ஆவல் இருக்கவில்லை. பின்தங்கியவரோடு சேர்ந்து நடப்பார். களைத்தவரின் மூட்டையையும் தம் தோளில் ஏற்றிக்கொள்வார். தங்குமிடத்தில் எல்லாருமாகச் செபமாலை சொல்வார்கள்.

அக்காலத்தில் பாப்பரசராக இருந்த பதினோராம் பத்திநாதரும் மலையேறுபவரே என்பது பலருக்குத் தெரியாது. அக்கில்லே ரத்தி என்ற பெயருடன் மிலான் நகர நூலகமொன்றில் பணிபுரிந்த குருவாக இருந்தபோது, 1889இல் மொன்தே ரோசா மலையின் கடினமான கிழக்கு முகத்தின் வழியாக நண்பரான இன்னொரு குருவோடும் வழிகாட்டிகளோடும் ஏறியவர் அவர். வேலையும் மலையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரும் சாட்சி.

அவர் ஏறாத மலைகள்

ஏறிய மலைகளைவிட, அவர் ஏறாமல் விட்டுக்கொடுத்தவையே அவரை நமக்கு நன்றாகக் காட்டுகின்றன.

நண்பர் குழுவில் ஒரு பெண்ணை அவர் உள்ளத்தில் நேசித்தார். அவளை மணப்பதைத் தம் குடும்பத்தார் ஏற்கமாட்டார்கள் என்றும், ஏற்கெனவே ஆட்டங்கண்டிருக்கும் பெற்றோரின் வாழ்வு இதனால் மேலும் குலையும் என்றும் கண்டார். அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்த ஆசையை அடக்கிக்கொண்டார். ஒரு குடும்பத்தைக் கட்டுவதற்காக இன்னொன்றை இடிக்க அவருக்கு மனமில்லை.

சுரங்கத் தொழிலாளரிடையே பணிபுரியும் கனவும் அவ்வாறே போயிற்று. மகன் தம் பத்திரிகை நிர்வாகத்தில் வந்து அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதைத் தாமே நேரில் சொல்லாமல், அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் மூலமாகத் தெரிவித்தார். ஏழு ஆண்டுகளாகச் சுமந்த கனவு ஒரே நிமிடத்தில் சரிந்தது. அப்பாவுக்கு அது மகிழ்ச்சி தருமானால் தமக்குச் சம்மதம் என்று பதில் அனுப்பினார்.

பணத்திலும் அவ்வாறே. பட்டம் பெற்றால் மோட்டார் வண்டி வேண்டுமா, அதற்கான பணம் வேண்டுமா என்று தந்தை கேட்டபோது, பணத்தையே தெரிந்துகொண்டார், அது ஏழைகளுக்கு. வண்டிச் செலவுக்கு வைத்திருந்ததை வழியில் கண்ட ஏழைக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பிய நாட்கள் பல. சாப்பாட்டுக்குப் பிந்தி வந்த காரணத்தை அவர் சொன்னதில்லை, ஏச்சு வாங்கிக்கொண்டார். புகையிரதத்திலும் மூன்றாம் வகுப்பில்தான் பயணம் செய்வார்.

கடைசி வாரம்

1925ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, லான்சோ பள்ளத்தாக்கில் நண்பர்களோடு பாறையொன்றில் ஏறினார். அதுவே கடைசி ஏற்றம். அன்று எடுத்த புகைப்படத்தில், உயரத்தை நோக்கி என்று பொருள்படும் இரண்டு இத்தாலியச் சொற்களைத் தம் கையால் எழுதி வைத்தார். அதற்குப் பின் அவர் வாழ்ந்தது நான்கு வாரங்களுக்கும் குறைவே.

ஜூன் மாத முடிவில் தலைவலியும் சோர்வும் கண்டன. அதே நாட்களில் வீட்டில் பாட்டியார் மரணப்படுக்கையில் இருந்தார். எல்லாருடைய கவனமும் அங்கே இருந்ததால், தம் நோயைப் பெரிதுபடுத்த அவர் விரும்பவில்லை. ஜூலை முதலாம் திகதி பாட்டியார் இறந்தார். நடக்க முடியாமல் தடுமாறி விழுந்த பேரனை அப்போதும் வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை. வைத்தியர்கள் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. கொடிய இளம்பிள்ளைவாதம் அவருடைய உடலை வேகமாக முடக்கிக்கொண்டிருந்தது. ஏழைகளின் வீடுகளிலேயே அந்நோய் தொற்றியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

ஜூலை 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அவர் வழக்கமாக ஏழைகளைச் சந்திக்கும் நாள். போக முடியவில்லை. தங்கையிடம் தமது சட்டைப் பையிலிருந்த பொருட்களை எடுத்துவரச் சொன்னார். பாதி செயலிழந்த கையால், எழுத்துக்கள் கோணிப் போக, வின்சென்ட் சபை நண்பருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஏழை நோயாளி ஒருவருக்கு ஊசி மருந்து கொடுக்க வேண்டும். இன்னொருவரின் அடகுச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். இதுவே அவர் எழுதிய கடைசி எழுத்து.

வாசகர்களே, அடகுச் சீட்டின் பாரம் என்னவென்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். தவணை கடந்தால் தாலிக்கொடியும் தோடும் திரும்பி வராது. சாகும் தறுவாயிலும் ஓர் ஏழையின் தவணையை நினைவில் வைத்திருந்தவர் இந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளை. மலைக்கும் செபத்துக்கும் ஓடிய வாழ்வில், ஏழையின் தவணை நாளை மட்டும் அவர் மறக்கவில்லை.

மறுநாள், 1925 ஜூலை 4ஆம் திகதி சனிக்கிழமை மாலை, 24ஆம் வயதில் ஆண்டவரடி சேர்ந்தார்.

அடக்கத்துக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று வீட்டார் எதிர்பார்த்தனர். தெருவெங்கும் நிறைந்து நின்றவர்களோ துரின் நகரத்து ஏழைகள். அவர்களைப் பெற்றோருக்குத் தெரியாது. தங்கள் மகனின் மறைந்த வாழ்வைச் சவப்பெட்டியின் பின்னால் நடந்துகொண்டேதான் அவர்கள் அறிந்தார்கள். அவரைப் புனிதராக்கும் விசாரணை 1932இல் துரினில் தொடங்கியது. மலைகளில் இளைஞரோடு நடந்து பழகிய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1990 மே 20ஆம் திகதி அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவருடைய உடல் இப்போது துரின் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

நம் மலைகளும் நம் பிள்ளைகளும்

நமது மலைகளும் புனிதரின் பாதம் படாதவை அல்ல. 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், சிதறிக் கிடந்த மந்தையைத் தேடி மலைப்பாதைகளில் நடந்தார். அவர் நடந்தது பணிக்காக. பிரசாத்தி நடந்தது பணியின் நடுவே கிடைத்த ஓய்வில். இரண்டும் ஒரே ஆண்டவரிடம் கொண்டு சேர்க்கும் பாதைகளே.

கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் நம் இளைஞர் யுவதிகள், நத்தாருக்கும் பொங்கலுக்கும் வீடு வருகிறார்கள். மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவமும் ஆரம்பமாகிறது. நண்பர்கள் கூடி நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறிச் சூரியோதயம் காணப் புறப்படுகிறார்கள். இது நல்லதே. வருடம் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் நின்று உழைத்த உடலுக்குக் காற்றும், பிரிந்திருந்த நட்புக்குப் பேச்சும் தேவை. பெற்றோரே, வீணாகத் திரிகிறான் என்று ஏசிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை யாரோடு நடக்கிறான், எங்கே போகிறான், யாருக்காகச் செலவிடுகிறான் என்று அன்போடு கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பிரசாத்தியின் பெற்றோரைப் போலக் காலம் கடந்து அறியவேண்டிய நிலை உங்களுக்கு வரவேண்டாம்.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு அதிகாலையில் புறப்படுவதென்றால் சனி மாலைத் திருப்பலிக்குப் போய்விடுங்கள். அல்லது திரும்பி வந்து மாலைத் திருப்பலி காணுங்கள். பையில் போத்தலுக்குப் பதிலாகச் செபமாலை இருக்கட்டும். களைத்துப் பின்தங்கும் நண்பனை விட்டுவிட்டு ஓடாதீர்கள். பிறருக்குப் புனிதமான மலையில் பக்தியோடு ஏறும் பிற சமய மக்களை மதித்து நடவுங்கள். ஓய்வு நாளிலும் விறகுக்கும் தண்ணீருக்கும் அலையும் தாய் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தச் சுமையை முதலில் உங்கள் தோளில் ஏற்றுங்கள். மலை அடுத்த நாளும் அங்கேயே இருக்கும்.

நேரமில்லை என்று நாமெல்லாரும் சொல்கிறோம். பியர் ஜோர்ஜோவுக்கும் நேரம் இருக்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளே அவருக்குக் கிடைத்தன. ஆண்டவருக்கு முதலிடம் கொடுத்தவருக்கு, ஏழைக்கும் நண்பருக்கும் மலைக்கும் அதே ஆண்டுகளில் இடம் கிடைத்தது. ஜூலை 4ஆம் திகதி அவருடைய திருநாள் வரும்போது நம் குடும்ப செபத்தில் அவரை நினைவுகூர்வோம். மலையில் உழைக்கும் நம் தாய்மாருக்காகவும், மலையை விட்டுத் தொலைவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்காகவும் அவர் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.